கரண்டி பிடிக்க ஓர் ஆள்

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. விளக்கேற்றி, உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நீ வீட்டுச் சாவியை உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன பிறகு, நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்து மாமாவோடு, உன் அப்பாவோடு, இருக்க வந்துவிட்டோம். அது உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் பேசலாம் என்றால் உன் அண்ணன் கூடத்தில் பக்கத்திலேயே நின்று கேட்கிறார். உன் விடுதியிலோ ஃபோன் வார்டன் அறையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் காது. அதனால் தபால்.

மாமா சாப்பிட மாட்டேன் என்கிறார்.

கீழே விழுந்ததிலிருந்து கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை, கட்டில், விட்டால் சக்கர நாற்காலி; நினைவும் ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை. அந்த இத்தாலிய உணவகத்தில் தட்டு கழுவ ஆரம்பித்துத் தலைமைச் சமையல்காரராக வெளியே வந்த மனிதர், இன்னும் அங்கேயேதான் இருப்பதாக நினைக்கிறார். நான் வழக்கமாகச் செய்வதைக் கொண்டுபோய் வைத்தால், "இது வேலைக்காரங்க சாப்பாடு, வெளிய பெஞ்சுல வை" என்கிறார். செவ்வாய் என்றால் ரிசோட்டோ, வியாழன் என்றால் நியோக்கி, ஞாயிறு என்றால் இறைச்சிச் சாறு வைத்து அடுக்கிய லசான்யா. கிழமை மட்டும் மறக்கவில்லை, பார்த்தாயா.

எனக்குத் தெரிந்த இத்தாலி, பள்ளிக்கூட வரைபடத்தில் பூட்ஸ் மாதிரி தொங்கிக்கொண்டிருந்ததுதான். ஒரு பழைய வார இதழில் வந்த குறிப்பைப் பார்த்து ரிசோட்டோ செய்தேன். அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, வெங்காயம் வதக்கி, அளந்து தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். மாமா கரண்டியால் ஒரு குத்து குத்திவிட்டு, "இத வச்சு சுவர் பூசலாம்" என்றார். உன் அண்ணன் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பாத்திரத்தோடு வீணாய்ப் போனதை மாதக் கணக்கு நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'தர்மம்' என்று எழுதினேன். பின்வாசல் நாய் சாப்பிட்டது.

நீ பதினோரு வருஷம் அவருக்குச் சமைத்தவள். உனக்குத் தெரியாதது இல்லை. மனதில் எங்கள் மேல் வருத்தம் இருந்தால் அதைத் தனியாக வைத்துவிட்டு, செய்முறையை மட்டும் எழுதி அனுப்பு.

உன் அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வருத்தத்தைத் தனியாக வைக்க இந்த அறையில் இடம் இல்லை. மூன்று கட்டில், மூன்று பெட்டி, ஒரு ஜன்னல். ஒரு கட்டிலில் நர்ஸ், இன்னொன்றில் துணிக்கடையில் வேலை செய்யும் பெண். நான் சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவு. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வரும், மாலைக்குள் மலையைத் தட்டையாக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும்போது சில நேரம் நம் வீட்டு அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஐந்து மணிக்குச் சங்கு ஊதிவிடுவார்கள். அடுப்படியில் யாரும் ஊத மாட்டார்கள்.

செய்முறைக்கு வருகிறேன். அரிசியைக் கழுவினீர்கள். மூன்று தண்ணீர் வேறு. கழுவாத அரிசியை உலையில் போடுவது பாவம் என்று உங்கள் கை நினைத்திருக்கும். ரிசோட்டோவுக்குக் கழுவக் கூடாது, அண்ணி. கெட்டியாக, வெண்ணெய் மாதிரி வழிவது அந்த மாவுச்சத்தினால்தான். நீங்கள் அதைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

குட்டையான, பருத்த அரிசி வாங்குங்கள். வெங்காயத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக வெட்டி வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். கழுவாத அரிசியைப் போட்டு, ஓரம் கண்ணாடி மாதிரி ஆகும் வரை புரட்டுங்கள். பிறகு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின். அது சுண்டியதும், பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் காய்கறிச் சாற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். மூடவே கூடாது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகவும் கூடாது. அடுப்பை அணைத்தபின் வெண்ணெயும் துருவிய சீஸும்.

ஒயினா என்று நீங்கள் நெஞ்சில் கை வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. கொதியில் ஆவியாகிவிடும். சாமிக்குத் தெரியும்.

நியோக்கிக்கு உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து மசியுங்கள். மாவு கொஞ்சமாக. பலமாகப் பிசைந்தால் கல்லாகும். விரலளவு துண்டாக்கி, முள்கரண்டி முதுகில் உருட்டி வெந்நீரில் போடுங்கள், மிதந்தால் எடுத்துவிடலாம்.

வருத்தம் பற்றிக் கேட்டீர்கள். "அப்பாவை விட்டுட்டு ஓடிட்டா" என்று அண்ணன் சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னது என் காதுக்கும் வந்தது. ஓடவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்துதான் போனேன்.

சின்னவள்


ஜூன் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

ஒயின் வாங்கிய கதையை யாரிடமும் சொல்லாதே. உன் அண்ணனிடம் கேட்டேன். "ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்றார். என்னைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து அதே பையோடு கடைக்குப் போனேன். பையில் பாட்டுப் புத்தகம், அதன் மேல் பாட்டில். கடைக்காரன், "அம்மா, விசேஷமா?" என்றான். "ஆமா, செவ்வாய்க்கிழமை" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்கு முதுகு காட்டி வைத்திருக்கிறேன். கணக்கில் முதலில் 'மருந்து' என்று எழுதினேன். பொய் என்று மனம் உறுத்தியது. அடித்துவிட்டு 'ஒயின், சமையலுக்கு' என்றே எழுதினேன்.

கழுவாத அரிசியைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சின்னவளே, வந்துவிட்டது. தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி நகர்ந்தது. உன் அண்ணன் இரண்டு தட்டு சாப்பிட்டார். நியோக்கியும் இரண்டாவது தடவை மிதந்தது. முதல் தடவை ரொட்டி மாவு மாதிரி அடித்துப் பிசைந்துவிட்டேன், கதவு திறந்து நிற்க முட்டுக் கொடுக்கலாம் போல் இருந்தது.

இவ்வளவு சொல்வது பெருமைக்கு இல்லை. மாமா இதையும் சாப்பிடவில்லை. நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், "அனுப்பு" என்கிறார். எங்கே அனுப்ப? மடியில் வைத்தால் தள்ளிவிடுகிறார். டாக்டர் வந்து எடை பார்த்துவிட்டு, "இப்படியே போனா ட்யூப் போட வேண்டியிருக்கும்" என்றார். உன் அண்ணன் என்னைப் பார்த்து, "தங்கச்சி கை உனக்கு வரல" என்றார்.

நீ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய். உப்பா, மசாலாவா, என்ன அது?

உன் அண்ணி


ஜூன் 26

அண்ணிக்கு,

சமையலில் ஒன்றையும் விடவில்லை. நான் எழுதாமல் விட்டது வேறு.

அப்பா தட்டில் சாப்பிட மாட்டார். அவர் வாடிக்கையாளர் இல்லையே. தட்டைக் கொண்டுபோய் வைத்தால், மேஜைக்கு அனுப்ப வேண்டியது என்று பார்த்துவிட்டு 'அனுப்பு' என்றுதான் சொல்வார். அடுப்படியில் நின்றுகொண்டே ருசி பார்த்து வயிறு நிரப்பிய மனிதர் அவர். ஆகவே நீங்கள் தட்டைக் கொண்டுபோகக் கூடாது. கரண்டியோடு போய் நிற்க வேண்டும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் வெள்ளை ஏப்ரன் தொங்கும். அதைக் கட்டிக்கொண்டு, "சீஃப், உப்பு பாருங்க" என்று கேளுங்கள். வாயைத் திறப்பார். "பத்தாது" என்பார். அடுப்படிக்குப் போய்விட்டு, ஒன்றும் சேர்க்காமல் அதையே திரும்பக் கொண்டுவாருங்கள். "இப்ப பாருங்க." மறுபடி ஒரு வாய். அப்புறம் புளிப்பு பாருங்க, வேக்காடு பாருங்க, சூடு பாருங்க. ஒரு வேளைக்கு ஏழெட்டு நடை நடந்தால் அரைத் தட்டு உள்ளே போயிருக்கும். கட்டில் பக்கத்திலேயே சட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அடுப்பிலிருந்து வருகிறதா என்று காலடிச் சத்தத்தைக் கேட்பார்.

நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள். கிளம்பும்போது இதை அண்ணனிடம் சொல்லியிருந்தால், "அப்போ நீ இல்லாம முடியாதே" என்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்திருப்பார். ஒருவேளை பசித்தால் தட்டிலேயே சாப்பிட்டுவிடுவார் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு போய்விட்டேன்.

சின்னவள்


ஜூலை 15

அன்புள்ள சின்னவளுக்கு,

கோபப்பட்டேன். முடிந்தது. மாமா சாப்பிடுகிறார். டாக்டர் ட்யூப் பேச்சை எடுக்கவில்லை.

என்னை 'ரெண்டாவது' என்று கூப்பிடுகிறார். தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த ஆளாம். "ரெண்டாவது, தக்காளி யாரு வாங்கினது? அவன நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லு." நானே வாங்கினேன் என்று நானே என்னை வேலையைவிட்டு அனுப்பி, மறுநாள் நானே சேர்ந்துகொள்கிறேன். சிரிக்கிறாயா? முதல் வாரம் நானும் சிரித்தேன்.

இப்போது என் நாளைச் சொல்கிறேன். காலையில் அடுப்பு, நடை, கரண்டி. மதியம் அதே. மாலை அதே. நடுவில் ஞாயிற்றுக்கிழமைக்கான இறைச்சிச் சாறு அடுப்பில் முணுமுணுத்துக்கொண்டே கிடக்கும், அதை விட்டு நகர முடியாது. பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. அடுப்படி ஜன்னலில் தெரிகிற சந்தும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் எனக்கு உலகம். அந்தத் தொட்டி நிறைந்து வழிந்தால், ஓ, இன்று ஒன்று நடந்தது என்று தோன்றுகிறது.

மாற்றுக்கு ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தோம். நல்ல மாதிரி, பொறுமைசாலி. ஏப்ரன் கட்டி, சொல்லிக்கொடுத்தபடி, "சீஃப், உப்பு பாருங்க" என்றாள். மாமா மரியாதையாக, "அம்மா, சமையலறைக்குள்ள கஸ்டமர் வரக் கூடாது. உங்க மேஜைக்கே வந்துடும்" என்றார். மூன்று நாளும் அவளை மேஜைக்கே அனுப்பினார். நாலாம் நாள் அவள் உண்மையாகவே போய்விட்டாள்.

உன் அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க அப்பாவுக்கு இவ கை பட்டாதான் இறங்கும்" என்று சொல்கிறார். கேட்கிறவர்கள் என்னைக் கும்பிடாத குறை. இவ்வளவு காலம் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர் இப்போது வாய் நிறையப் பேசுகிறார். ஒவ்வொரு பாராட்டும் ஒரு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மாதிரி கேட்கிறது. இப்படி எழுதுவது நன்றிகெட்டதனமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். என் மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள், இப்போது ஏழாம் மாதம். போன தடவை ஏழாம் மாதத்தில் போய்விட்டது, உனக்குத் தெரியும். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவை எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. "அம்மா, நீ வந்தா போதும், சும்மா பக்கத்துல உட்கார்ந்திரு" என்று எழுதியிருக்கிறாள். உன் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து, "போகத்தான் வேணும். ஆனா அப்பா?" என்றார். அந்த 'ஆனா'வைத் தாண்டி என்னால் ஓர் அடி வைக்க முடியவில்லை.

நீ வந்து இரண்டு மாதம் இரு. நான் போய்விட்டு வந்துவிடுகிறேன். சாமி சத்தியமாக வந்துவிடுவேன். உன் காலில் விழவில்லை, அவ்வளவுதான்.

உன் அண்ணி


ஜூலை 23

அண்ணிக்கு,

வர முடியாது.

இதை நாலு விதமாக எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் அதே இரண்டு சொல்தான் வருகிறது. அம்மா இறந்தபோது, வெளியூரில் வேலையாக இருந்த நான் பத்து நாளைக்கு என்றுதான் அப்பாவிடம் போனேன். கைப்பையில் மூன்று புடவை. "அப்பா கொஞ்சம் தேறட்டும்" என்றார்கள். பிறகு "கொஞ்சம் பழகட்டும்" என்றார்கள். பழகிவிட்டார், என்னோடு. பேசிவைத்திருந்த வரன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் முடித்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர், கல்யாணப் பத்திரிகை அனுப்பினார். நீங்களும் அண்ணனும் வருஷத்துக்கு இரண்டு முறை வருவீர்கள். லசான்யா சாப்பிட்டுவிட்டு, "உனக்கு என்னடி, சொந்த வீட்ல ராணி மாதிரி இருக்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகள் எனக்கும் குட்டிதான். அவளுக்காக நான் உங்கள் சாமியையும் கும்பிடத் தயார். ஆனால் அந்த அடுப்படிக்குள் காலை வைத்தால் நீங்கள் வந்தாலும் நான் வெளியே வர மாட்டேன். அப்பா விட மாட்டார் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் என் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும், எனக்கு என் கையைத் தெரியும்.

அண்ணனுக்கு இரண்டு கை இருக்கிறது. ஆபீஸ் லீவு இருக்கிறது. ஏப்ரன் ஆணியில் இருக்கிறது. அண்ணனுக்கும் அவர் அப்பாதானே?

சின்னவள்


ஆகஸ்ட் 6

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து, விளக்கு முன்னால் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். கொடுத்துவைத்தவள், கல்நெஞ்சக்காரி என்று. நடுவில் 'ராணி மாதிரி' என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னேன்தான். அதற்குமேல் திட்ட முடியவில்லை.

உன் அண்ணனிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன். அவர் வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. "உள்ள வந்து எடுத்துக்கங்க" என்றேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அடி உள்ளே வைக்க அந்த மனிதருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அடுப்படிக்குள் வந்ததில்லை, அதை ஆண் திமிர் என்றே நினைத்துக் குடும்பம் நடத்திவிட்டேன்.

உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன், நீ அப்போது கைக்குழந்தை. பள்ளி விடுமுறையில் மாமா இவரை அந்த உணவகத்து அடுப்படிக்கு வேலை பழகக் கூட்டிப்போயிருக்கிறார். தக்காளிச் சாற்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். இவர் வேடிக்கை பார்த்து அடி பிடிக்க விட்டுவிட்டார். மாமா எல்லார் முன்னாலும் அந்தச் சட்டியை அப்படியே தரையில் கவிழ்த்து, இவரையே துடைக்கவைத்து, "இனிமே உன் மூஞ்சிய எந்த அடுப்படியிலும் பாக்கக் கூடாது" என்றாராம். இதைச் சொல்லும்போது உன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, ஆணியில் இருந்த ஏப்ரனைப் பார்த்தார். "நான் போய் நின்னா அவருக்கு அது ஞாபகம் வந்துடும்" என்றார். "அவருக்கு உங்க பேரே ஞாபகம் இல்லீங்க" என்றேன். "எனக்கு இருக்கே" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டால் நான் இங்கேயே இருக்க வேண்டும். சாமியிடம் கேட்டேன். படத்துக்குப் பூ வைத்தேன், விழவும் இல்லை, நிற்கவும் இல்லை, பாதி சாய்ந்து தொங்கியது. அவருக்கும் என் மாதிரிதான் போலிருக்கிறது.

சனிக்கிழமை ரயில். ஒரு வாரத்துக்கு லசான்யாவுக்கான சாறு செய்து டப்பாவில் போட்டுவிட்டேன். மற்றதைச் சொல்லிக்கொடுத்தேன். உன் அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டுக்கொண்டார். நீ வர வேண்டாம். எனக்கு இப்போது புரிகிறது.

அண்ணி


ஆகஸ்ட் 14

சின்னவளுக்கு,

பிரசவ வார்டு நடையில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மகளை நேற்றுச் சேர்த்துவிட்டோம். நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் வலி கண்டுவிட்டது. உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன்.

உன் அண்ணன் இங்கே நர்ஸ் மேஜை ஃபோனுக்குக் கூப்பிட்டார். "நேத்து காலைலேர்ந்து அப்பா ஒண்ணும் தொடல. நீ கிளம்பு" என்றார். "ஏப்ரன் கட்டினீங்களா?" என்று கேட்டேன். "தட்டை வச்சேன், தள்ளிட்டார்" என்றார். "தட்டு வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றேன். "இங்க ஒரு மனுஷன் சாகக் கிடக்கார், நீ தட்டுங்கற" என்றார். "இங்கயும் ஒருத்தி கிடக்கா. அங்க அடுப்பு இருக்கு, நீங்க இருக்கீங்க. இங்க எனக்குப் பதிலா யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு நானே ஃபோனை வைத்தேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்தில் நான் முதலில் வைத்த ஃபோன் அது.

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரே நினைப்புதான். வயதானவரைப் பட்டினி போட்டுவிட்டு வந்து, பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டும் என்று எந்த வாயால் கேட்பேன்? எப்போதும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பழகியவள் நான். இதில் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

உனக்கும் ஃபோன் வரும். என்னிடம் கிடைக்கவில்லை என்றால் அடுத்தது நீதான். உன்னைப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்று தடுக்கவும் மாட்டேன். அவர் உன் அப்பா. ஒன்றே ஒன்று. போனால் எனக்காகப் போகாதே. என்னால் அதைத் தாங்க முடியாது.

கதவு திறக்கிறது.

அண்ணி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று மாப்பிள்ளை வார்டனிடம் சொல்லியிருந்தார். வார்டன் படியேறி வந்து சொன்னார், அவர் படியேறி நாங்கள் பார்த்ததில்லை. எடை குறைவாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். நீங்கள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கடிதம் அதற்கு மறுநாள்தான் கையில் கிடைத்தது. கிடைத்தபோது நான் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்திருந்தேன்.

ஆமாம், போனேன். அண்ணன் ஃபோன் வந்தது. அவர் திட்டியிருந்தால் போயிருக்க மாட்டேன். "உன்னால முடிஞ்சா வா" என்றார். என் அண்ணன் வாயில் 'முடிஞ்சா' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. மேற்பார்வையாளரிடம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கைப்பையில் புடவை வைக்கவில்லை. ஒரு சீப்புகூட வைக்கவில்லை. அது ஒன்றுதான் என்னிடம் இருந்த தைரியம்.

முன்வாசல் வழியாகப் போகப் பயமாக இருந்தது. சந்து வழியாகச் சுற்றி, பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. அண்ணி, அடுப்படிக் கதவைக் காணோம். நாற்காலி நுழைய இடம் போதாமல் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பா உள்ளே இருந்தார். சக்கர நாற்காலியோடு, அடுப்புக்கும் பளிங்கு மேடைக்கும் நடுவில், பாட்டில் வாயில் தக்கை மாதிரி இறுகிப்போய்.

நானும் நீங்களும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கும் அடுப்புக்கும் ஓடினோம். அவரை அடுப்புக்குக் கொண்டுவர நமக்குத் தோன்றவில்லை, ஏன் என்றால் நமக்குச் சமைக்கத் தெரியும். அண்ணனுக்கு எண்ணெய் எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஏப்ரன் நாடா அண்ணன் வயிற்றுக்கு எட்டவில்லை, பின்னால் ஊக்கு குத்தியிருந்தார். முதுகு பூராவும் வேர்வை.

"எண்ணெய் எவ்ளோப்பா?"

"ஊத்து. நான் நிறுத்துன்னா நிறுத்து."

"இவ்ளோவா?"

"நிறுத்துன்னு சொன்னேனா நான்?"

அப்பா மரக்கரண்டியால் அண்ணன் மணிக்கட்டில் ஒன்று வைத்தார். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். மறுபடி கையை நீட்டி எண்ணெய் ஊற்றினார்.

"யாருடா உன்ன வேலைக்கு எடுத்தது?"

"நீங்கதான்."

"நான் எடுத்திருக்க மாட்டேன்."

"எடுத்துட்டீங்க. இப்ப என்ன பண்றது?"

அப்பா அதை யோசித்தார். பிறகு, "தக்காளிய நசுக்கு. வெட்டாத, கையால நசுக்கு" என்றார். இன்னொரு சட்டியில் ஏதோ பாஸ்தா வெந்துகொண்டிருந்தது. அதில் அவரே கரண்டியை விட்டு ஒன்றை எடுத்து ஊதி, வாயில் போட்டு மென்றார். முகத்தைச் சுளித்தார். இன்னொன்று எடுத்தார். அதற்கும் சுளித்தார். இன்னொன்று எடுத்தார். நான் எண்ணவில்லை அண்ணி, ஆனால் விழுங்கினார்.

இது நிலைக்குமா என்று தெரியாது. நாளைக்கே அண்ணன் ஏப்ரனைக் கழற்றி எறியலாம். அப்பா நாளைக்கே கிழமையையும் மறக்கலாம். நான் பார்த்தது ஒரு மதியம் மட்டும்தான். நீங்கள் அவசரப்பட்டு டிக்கெட் போடாதீர்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நம்மில் ஒருத்தி வாசலில் தெரிந்தால் போதும், அந்தக் கதவு மறுபடி கீலில் ஏறிவிடும்.

நான் நின்ற இடத்திலிருந்து அடுப்பு ஒரு கை தூரம். ஜன்னல் கம்பிக்குள் கை விட்டால் அடுப்பின் திருகு எட்டும். எண்ணெயில் பூண்டு போட்டிருந்தார்கள், தீ அதிகம். தக்காளி நசுக்குகிற மும்முரத்தில் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. பூண்டு பொன்னிறம் தாண்டி, ஓரம் கறுக்க ஆரம்பித்தது. என் கை கம்பி வரைக்கும் போய்விட்டது.

இழுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரை அதை வெளியே எடுக்கவில்லை.

சின்னவள்